ரோஸுக்கு அது எப்போது தெரிகிறது?

'ஜிப்ஸி' இசை நாடகத்தில் ரோஸ் வேடம் போட்டவர்களில் யார் சிறந்தவர் என்பது உங்கள் கேள்வி. எதல் மெர்மன் தொடங்கி ஆட்ரா மெக்டொனால்ட் வரை ஆல்பங்களை வரிசையாகக் கேட்டேன், எல்லாருமே நன்றாகத்தான் பாடுகிறார்கள், பிறகு எதை வைத்து ஒப்பிடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தால் முதல் கேள்வி தானாக வழிக்கு வந்துவிடும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குரலை வைத்து ஒப்பிட்டால் வழி தவறிவிடும். யார் உச்சத்தில் எத்தனை நேரம் நின்றார், யாருக்குத் தொண்டை கட்டியிருந்தது, யார் சுருதியை மாற்றிக்கொண்டார் என்று பட்டியல் போட்டுக்கொண்டே போகலாம். நாடகம் கைக்கு வராது. பல வருடங்களாக நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் இந்த நடிகைகளைக் கேட்டும் பார்த்தும் வருகிறேன்: தான் பிள்ளைகளுக்குச் செய்தது என்ன என்று ரோஸுக்கு எப்போது தெரிகிறது? நாடகப் பிரதி இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. நடிகைதான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு மாறும்போது அதே பாட்டு, அதே வசனம், அதே மெட்டு வேறு நாடகமாகிவிடுகிறது. ஒன்றையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மெர்மன், லேன்ஸ்பரி, டைன் டேலி மூவரையும் எனக்கு ஒலிப்பதிவில்தான் தெரியும். மற்றவர்களைக் காட்சிப் பதிவுகளிலும் பார்த்திருக்கிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும். 1920களின் அமெரிக்கா. ரோஸுக்கு லூயீஸ், ஜூன் என்று இரண்டு மகள்கள். சின்னவள் ஜூனை, பாட்டும் ஆட்டமும் வேடிக்கையும் கலந்த வாடவில் மேடைகளில் நட்சத்திரமாக்க ஊர் ஊராக அலைகிறாள். கூச்ச சுபாவமுள்ள பெரியவள் லூயீஸ் ஓரத்தில் நிற்கிறாள். ஜூன் குழுவில் ஆடும் பையன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு ஓடிப்போகிறாள். சேதி தெரிந்த அதே இடத்தில் ரோஸ் லூயீஸ் பக்கம் திரும்புகிறாள். வாடவில் செத்துக்கொண்டிருக்கும் காலம் அது. கடைசியில் விசிட்டா என்ற ஊரில், ஆடை களையும் நடனம் நடக்கும் பர்லெஸ்க் அரங்கில் வந்து சேர்கிறார்கள். முக்கிய ஆட்டக்காரி போலீசில் மாட்டிக்கொள்ள, அந்த இடத்துக்குத் தன் மகளையே ரோஸ் முன்னே தள்ளிவிடுகிறாள். ரோஸைக் கல்யாணம் செய்துகொள்ளக் காத்திருந்த ஏஜென்ட் ஹெர்பி அதைப் பார்த்து விட்டுப் போய்விடுகிறான். லூயீஸ், ஜிப்ஸி ரோஸ் லீ என்ற பெரிய நட்சத்திரமாகி, அம்மாவின் பிடியிலிருந்து விலகுகிறாள். காலி மேடையில் ரோஸ் தனியாக நின்று பாடுவதுதான் 'ரோஸஸ் டர்ன்'. இந்த வேடம் போட்ட எல்லாரும் பரீட்சை எழுதுவது அந்த நாலைந்து நிமிடத்தில்தான்.

ஜிப்ஸி ரோஸ் லீ நிஜ மனுஷி. 1957இல் வந்த அவருடைய நினைவுக் குறிப்புகள்தான் நாடகத்துக்கு அடிப்படை. அவருடைய அம்மா ரோஸ் ஹோவிக் 1954இலேயே இறந்துவிட்டார். தங்கை ஜூன் ஹேவக்குக்கு இந்த நாடகம் பிடிக்கவே இல்லை. ஆகவே நாம் பார்ப்பது ஒரு மகள் நினைவில் வைத்திருந்த அம்மாவை, அதை இன்னும் மூன்று பேர் சேர்ந்து மேடைக்காக வளைத்த வடிவத்தில்.

அந்த மூன்று பேர்: வசனம் எழுதிய ஆர்தர் லாரன்ட்ஸ், இசையமைத்த ஜூல் ஸ்டைன், பாடல் எழுதிய ஸ்டீபன் சோண்ட்ஹைம். இயக்கமும் நடன அமைப்பும் ஜெரோம் ராபின்ஸ். நாடகம் 1959 மே 21 அன்று நியூயார்க்கில் பிராட்வே தியேட்டரில் அரங்கேறியது, 702 முறை நடந்தது. சோண்ட்ஹைமுக்கு அப்போது 29 வயது. இசையையும் தானே அமைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். முதல் ரோஸாக நடிக்கவிருந்த மெர்மனின் தரப்பு சம்மதிக்கவில்லை. பெயர் தெரியாத இசையமைப்பாளரோடு முந்தைய நாடகத்தில் பட்ட அனுபவம் மெர்மனுக்குப் போதுமாக இருந்தது. பெரிய நட்சத்திரத்துக்காக எழுதிப் பழகுவது நல்லது என்று குருவான ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எடுத்துச் சொன்ன பிறகே சோண்ட்ஹைம் பாடல் மட்டும் எழுத ஒப்புக்கொண்டார்.

இது வெறும் பழைய கதை இல்லை. ரோஸ் என்ற பாத்திரம் மெர்மனின் தொண்டைக்கு அளவெடுத்துத் தைக்கப்பட்டது என்பது இதிலிருந்து தெரிகிறது. 1930இலிருந்து மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடியே பெயர் வாங்கியவர் அவர். ஒவ்வொரு எழுத்தும் சுத்தியல் அடித்தாற்போல விழும். ஒரு சொல்கூட மங்காது. அரங்கின் பின்பக்கத்திலிருந்து பார்வையாளர்களுக்கு நடுவே நடந்து வந்து, மேடையில் இருக்கும் மகளைப் பார்த்து "சத்தமாகப் பாடு, லூயீஸ்!" என்று கத்துவதுதான் ரோஸின் முதல் வரவு. அந்த ஒரு வரியில் பாத்திரம் முழுக்க இருக்கிறது. மெர்மனுக்கு அதற்கு நடிப்பே தேவைப்பட்டிருக்காது.

1959 ஆல்பத்தில் மெர்மனை இப்போது கேட்டாலும் என்னை அசத்துவது அந்தக் குரலில் சந்தேகம் என்பது துளியும் இல்லாததுதான். சியாட்டிலில் அப்பாவிடம் 88 டாலர் கேட்டுக் கிடைக்காமல் பாடும் 'சம் பீப்பிள்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டோடு கிடப்பவர்கள் கிடக்கட்டும், நான் கிடக்கமாட்டேன் என்பதுதான் பாட்டின் சாரம். மற்ற நடிகைகள் இதில் கோபம், ஏக்கம், பயம் என்று எதையாவது சேர்ப்பார்கள். மெர்மனிடம் அது ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். ரயில் புறப்படும் என்று அறிவிப்பதைப் போல. இந்த ரோஸுக்குத் தான் செய்தது என்ன என்று கடைசிவரை தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை.

'ரோஸஸ் டர்ன்' பாட்டில் ஓர் இடம் வருகிறது. "மம்மா" என்று சொல்லவந்து, அந்தச் சொல் வராமல் ரோஸ் திக்குகிறாள். பாட்டு முழுக்கத் தடையில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தவளுக்கு அம்மா என்ற சொல்லில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அந்தத் திக்கலின் அர்த்தத்தை சோண்ட்ஹைம் மெர்மனுக்கு விளக்கினாராம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட மெர்மன், அந்த "ம" தாளத்தில் விழுகிறதா, எடுப்பில் விழுகிறதா என்று மட்டும் கேட்டாராம். சோண்ட்ஹைம் இதைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். மெர்மனுக்கு நடிப்பு வராது என்பதற்கு ஆதாரமாக இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆல்பத்தில் அந்தத் திக்கல் தாளத்துக்கு மிகச் சரியாக விழுகிறது. அப்படி விழுவதாலேயே ஒரு இயந்திரம் ஒரு கணம் சிக்கி மறுபடி ஓடுவது போலக் கேட்கிறது. உள்ளே என்ன உடைந்தது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. கேட்கிற நமக்குத் தெரியும். பின்னால் வந்த நடிகைகள் இந்த இடத்தில் அழுதார்கள், மூச்சுத் திணறினார்கள், வாய் திறந்தபடி நின்றார்கள். எல்லாரும் மெர்மன் விட்டுப்போன வெற்றிடத்தில்தான் வீடு கட்டினார்கள்.

அந்தப் பாட்டு பிறந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் ராபின்ஸ் ஒரு பெரிய நடனத்தை அமைப்பதாக இருந்தது. நேரம் போதவில்லை. ஒரு ராத்திரி ஒத்திகை இடத்தில் சோண்ட்ஹைம் பியானோவில் உட்கார்ந்து முந்தைய பாட்டுகளின் துண்டுகளை மாற்றி மாற்றி வாசிக்க, ராபின்ஸ் ஆடை களையும் ஆட்டக்காரியைப் போல மேடையில் அசைந்து காட்ட, பாட்டின் உருவம் கிடைத்தது. அதனால்தான் இதில் நாடகத்தின் பழைய மெட்டுகள் எல்லாம் உடைந்த நிலையில் திரும்பி வருகின்றன. 'சம் பீப்பிள்' பாட்டில் நம்பிக்கையோடு வந்த, கனவு கண்டேன் என்ற அந்தச் சின்ன சங்கதி இங்கே வெறியாக வருகிறது. மகள் ஆடிய ஆட்டத்தின் இசை அம்மாவின் உடம்பில் ஏறுகிறது.

முதலில் இந்தப் பாட்டுக்கு முத்தாய்ப்பு கிடையாது. ஒட்டாத சுரங்களோடு தேய்ந்து முடியும்படி வைத்திருந்தார்கள். மனம் கலங்கியவள் பாடிவிட்டு நிற்கும்போது கைதட்டு எதற்கு என்பது சோண்ட்ஹைமின் எண்ணம். பிலடெல்பியாவில் முன்னோட்டம் பார்த்த ஹாமர்ஸ்டைன் வேறு மாதிரி சொன்னார்: மெர்மன் இவ்வளவு பாடிய பிறகு ஜனங்களுக்குக் கைதட்ட வேண்டும் என்றிருக்கும், அதற்கு இடம் கொடுக்காவிட்டால் அடுத்து அம்மாவும் மகளும் பேசும் கடைசிக் காட்சியை அவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். அதனால் பெரிய முத்தாய்ப்பு வைத்தார்கள். கைதட்டு வந்தது. உண்மை கொஞ்சம் போய்விட்டது.

போனதைத் திருப்பிக் கொண்டுவந்தது 1973இல் லண்டனில், ஆஞ்சலா லேன்ஸ்பரி. லாரன்ட்ஸே இயக்கினார், பிக்கடிலி தியேட்டரில். பார்த்தவர்கள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்: லேன்ஸ்பரி பாட்டை முடிக்கிறார். அரங்கம் அதிரக் கைதட்டுகிறது. அவர் குனிந்து வணங்குகிறார். மறுபடி வணங்குகிறார். கைதட்டு குறைகிறது, நிற்கிறது. லேன்ஸ்பரி நிறுத்தவில்லை. அமைதியான அரங்கத்தைப் பார்த்து மறுபடியும் குனிகிறார், சிரிக்கிறார், மறுபடியும் குனிகிறார். அப்போதுதான் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு உறைக்கிறது, இவள் வணங்கியது நம்மையே இல்லை, கைதட்டு அவள் தலைக்குள் கேட்கிறது என்று. ஹாமர்ஸ்டைன் கேட்ட கைதட்டும் கிடைத்தது, சோண்ட்ஹைம் விரும்பிய பைத்தியமும் கிடைத்தது. எழுதிய 14 வருடம் கழித்து, ஒரு வரி மாற்றாமல், ஒரு சுரம் கூட்டாமல், ஒரு நடிகையின் முதுகு வளைந்து நிமிர்வதிலேயே பாட்டுக்கு முடிவு கிடைத்துவிட்டது. இசை நாடக வரலாற்றில் இதற்கு இணையான இன்னொரு கணம் எனக்குத் தெரியாது.

லேன்ஸ்பரியின் குரல் மெர்மனின் குரலுக்குப் பக்கத்தில் வைக்க முடியாதது. ஆல்பத்தில் அதைத் தெளிவாகக் கேட்கலாம். ஆனால் அவர் ஒவ்வொரு பாட்டையும் யாரிடமாவது பேசுகிறார். ஹெர்பியை வளைக்கும் 'ஸ்மால் வேர்ல்ட்' பாட்டில் எதிரில் நிற்கும் ஆளின் முகம் மாறுவது நமக்குக் காதிலேயே தெரிகிறது. அவருடைய ரோஸுக்கு உண்மை தெரிவது கைதட்டு நின்ற அந்த அமைதியில். அதுவரைக்கும் அவள் மரியாதையான, சாமர்த்தியமான, நம்மோடு உட்கார்ந்து பேசக்கூடிய பெண். தயாரிப்பு 1974இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேக்கு வந்தது, 1975இல் லேன்ஸ்பரிக்கு அங்கே நாடகத்துக்குத் தரும் பெரிய விருதான டோனி. மெர்மனுக்கு இந்த வேடத்துக்கு டோனி கிடைக்கவில்லை. 1960இல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்துக்காக மேரி மார்ட்டின் வாங்கிக்கொண்டார்.

இரண்டு திரை வடிவங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1962 படத்தில் ரோசலிண்ட் ரஸ்ஸல் நடித்தார், பாட்டுகளில் பெரும்பகுதி லீசா கர்க்கின் குரல். பேசும் ரோஸ் ஒருத்தி, பாடும் ரோஸ் இன்னொருத்தி என்றானால் இந்த வேடம் நிற்காது. 1993 தொலைக்காட்சி வடிவத்தில் பெட் மிட்லர் முழு உற்சாகத்தோடு செய்திருக்கிறார். நாடகம் எப்படி இருக்கும் என்று முதல்முறை தெரிந்துகொள்ள நல்லது. ஆனால் மிட்லர் தன்னை நமக்குப் பிடிக்க வேண்டும் என்று நினைக்கிறார். ரோஸ் அப்படி நினைப்பவள் இல்லை.

அப்புறம் டைன் டேலி. 1989, செயின்ட் ஜேம்ஸ் தியேட்டர், மறுபடியும் லாரன்ட்ஸ் இயக்கம். தொலைக்காட்சியில் போலீஸ்காரியாக வந்து பெயர் வாங்கியவர். பாடகி என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. ஆல்பத்தில் குரல் கரடுமுரடாக இருக்கிறது, சில இடங்களில் சுரத்தை எட்டித் தொடுவதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறது. முதல்முறை கேட்டவுடன் பலர் ஒதுக்கிவிடுவார்கள், நானும் ஒதுக்கியிருந்தேன். அப்புறம்தான் முதல் அங்கத்தின் முடிவை ஊன்றிக் கேட்டேன்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ரயில் நிலையம். ஜூன் ஓடிப்போய்விட்டாள் என்று கடிதம் வந்திருக்கிறது. குழுவும் கலைந்துவிட்டது. ஹெர்பி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீடு, வாசல் என்று சாதாரணமாக வாழலாம் என்கிறான். லூயீஸின் முகத்தில் ஆசை வருகிறது. ரோஸ் அதைப் பார்ப்பதே இல்லை. லூயீஸை நட்சத்திரமாக்குகிறேன் என்று 'எவ்ரிதிங்ஸ் கமிங் அப் ரோசஸ்' பாட ஆரம்பிக்கிறாள். தனியாகக் கேட்டால் இது நம்பிக்கைப் பாட்டு. எத்தனையோ விழா மேடைகளில் அப்படித்தான் பாடுகிறார்கள். நாடகத்தில் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் பயந்துபோய் நின்றுகொண்டிருக்கிறாள். டேலியின் குரல் அந்தப் பாட்டில் உடைந்து உடைந்து மேலே ஏறுகிறது. ஓடிப்போன மகளைப் பற்றித் தெரிந்துவிட்டது, தன்னால்தான் போனாள் என்பதும் தெரிந்துவிட்டது, அதை மூடுவதற்கு இன்னும் சத்தமாகப் பாட வேண்டியிருக்கிறது. இந்த ரோஸுக்கு ரயில் நிலையத்திலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. இரண்டாம் அங்கம் முழுக்க அவள் அந்த மூடியின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். குரலின் குறை என்று நான் நினைத்தது நடிப்பின் கருவியாக இருந்தது. 1990 டோனி அவருக்குப் போனது மிகச் சரி.

பெர்னடெட் பீட்டர்ஸ் விஷயத்தில் எனக்கு வக்காலத்து வாங்கவேண்டும் என்றே தோன்றும். 2003, ஷூபர்ட் தியேட்டர், சாம் மென்டிஸ் இயக்கம். சின்ன உருவம், சுருட்டை முடி, குழந்தைத்தனம் கலந்த குரல். மெர்மனைக் கேட்டு வளர்ந்தவர்கள் இதை ஏற்க மறுத்தார்கள். முன்னோட்டக் காட்சிகளின்போது அவர் உடல்நலமில்லாமல் சில நாட்கள் மேடை ஏறவில்லை, அதுவும் பேச்சானது. ஆனால் நிஜமான ரோஸ் ஹோவிக் ஆண்களை வசப்படுத்தத் தெரிந்த சின்ன உருவப் பெண் என்பதை நினைத்துப் பாருங்கள். ஹெர்பி இத்தனை வருடம் ஏன் கூடவே அலைந்தான் என்பதற்கு மெர்மனிடம் விடை கிடையாது. பீட்டர்ஸிடம் உண்டு. இன்னொன்று, பீட்டர்ஸ் தானே அம்மாவால் மேடைக்கு அனுப்பப்பட்ட குழந்தை நட்சத்திரம். 13 வயதில் 'ஜிப்ஸி' சுற்றுப்பயணக் குழுவிலேயே இருந்தவர், ஜூன் வேடத்துக்கு மாற்று நடிகையாக. 40 வருடம் கழித்து அதே நாடகத்தில் அம்மாவாக வந்து நிற்கிறார்.

2003 டோனி விழாவில் அவர் பாடிய 'ரோஸஸ் டர்ன்' பதிவாகியிருக்கிறது. அதைப் பாருங்கள். மற்றவர்கள் மகளுடைய ஆட்டத்தைக் கேலி செய்வதுபோல இடுப்பை அசைப்பார்கள். பீட்டர்ஸுக்கு அது பொருந்திவிடுகிறது. இவள் மேடை ஏறியிருந்தால் ஜெயித்திருப்பாள் என்று ஒரு கணம் நாம் நம்பிவிடுகிறோம், வலிப்பது அதனால்தான். இந்த ரோஸுக்கு எல்லாம் ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்பது என் அபிப்பிராயம். தனக்குக் கிடைக்காததை மகள்களுக்கு ஊட்டுகிறோம் என்று தெரிந்தே ஊட்டியவள். அந்த வருட டோனி அவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இன்றும் வருத்தம்தான்.

பேட்டி லுபோன் நேர் எதிர். லாரன்ட்ஸுக்கும் அவருக்கும் பழைய மனத்தாங்கல் இருந்தது, பல வருடம் பேச்சே இல்லை. அது தீர்ந்து, 90 வயது லாரன்ட்ஸ் இயக்க, 2007 கோடையில் நியூயார்க் சிட்டி சென்டரிலும் 2008 மார்ச்சில் செயின்ட் ஜேம்ஸிலும் நாடகம் வந்தது. லுபோன், ஹெர்பியாக பாய்ட் கெய்ன்ஸ், லூயீஸாக லாரா பெனான்டி, மூவருக்கும் டோனி. இந்த மூன்று பேரின் விருதுதான் இந்தத் தயாரிப்பைப் பற்றிய சரியான விமர்சனம். இங்கேதான் ரோஸ் முதல்முறையாக ஒரு குடும்பத்துக்குள் இருக்கிறாள். விசிட்டா அரங்கில் மகளை முன்னே தள்ளிவிட்ட பிறகு, அலங்காரம் முடிந்து கண்ணாடியைப் பார்த்த லூயீஸ், அம்மா, நான் அழகாக இருக்கிறேன் என்று ஆச்சரியத்தோடு சொல்லும் இடம் ஒன்று உண்டு. பெனான்டி அதைக் கிட்டத்தட்ட தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். நம் கண் உடனே ரோஸ் பக்கம் போகிறது, இவளுக்கு இது இதுவரை தெரியாமலா இருந்தது என்று.

லுபோனின் ரோஸ் தெரிந்துகொள்ள மறுப்பவள். கதவைத் தட்டத் தட்ட இன்னும் பலமாகச் சாத்துகிறாள். பெரிய குரல், அதைச் செலவழிக்கக் கூச்சமே இல்லை. சொற்கள் சில சமயம் குழைந்துவிடுகின்றன, அது அவருடைய பழைய வழக்கம், எனக்கு உறுத்தும். ஆனால் 'ரோஸஸ் டர்ன்' வரும்போது அத்தனை நாள் சாத்திய கதவு ஒரே அடியாகத் திறக்கிறது. லாரன்ட்ஸ் மூன்று ரோஸ்களை இயக்கியவர் என்பதைக் கவனியுங்கள். பிரதியை எழுதிய அதே கை இயக்கியும் லேன்ஸ்பரி, டேலி, லுபோன் மூன்று பேரும் மூன்று வேறு பெண்களாக வந்தார்கள். இது இயக்குநரின் வேலைதான், நடிகைக்கு என்ன இருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

இமெல்டா ஸ்டான்டன் 2014இல் சிச்செஸ்டரிலும் 2015இல் லண்டன் சவோய் தியேட்டரிலும் நடித்தார். ஜொனதன் கென்ட் இயக்கம். லேன்ஸ்பரிக்குப் பிறகு லண்டனின் நாடக வட்டாரமான வெஸ்ட் எண்டில் இந்த நாடகம் வருவது அதுவே முதல்முறை, 40 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மேடை நிகழ்ச்சியை அப்படியே படம்பிடித்து பிபிசி ஒளிபரப்பியது. ஆகவே முழு ரோஸை, முதல் வரவிலிருந்து கடைசி வரை, கண்ணால் பார்க்கக் கிடைப்பது இவரிடம்தான். ஐந்தடி உயரப் பெண்மணி. மற்றவர்கள் மேடைக்குள் நுழைந்தால் இடம் நிறையும். இவர் நுழைந்தால் மற்ற எல்லாரும் ஒதுங்குகிறார்கள், சின்ன நாய் வேகமாக ஓடி வரும்போது பெரிய ஆட்கள் காலைத் தூக்கிக்கொள்வதுபோல.

ஸ்டான்டனின் ரோஸை நடத்துவது பயம். அப்பா வீட்டில் பாடும் முதல் பாட்டிலேயே அது இருக்கிறது. இந்த வீட்டில் இன்னொரு வருடம் இருந்தால் செத்துப்போவேன் என்ற பயம். ரயில் நிலையக் காட்சியில் அவர் கண்கள் லூயீஸைப் பார்க்கவில்லை, தூரத்தில் எதையோ பார்க்கின்றன. பக்கத்தில் லூயீஸாக நிற்கும் லாரா புல்வர் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பின்வாங்கும்போது, நம்பிக்கைப் பாட்டு என்று உலகம் பாடிக்கொண்டிருக்கும் பாட்டு கேட்கச் சகிக்காததாகிவிடுகிறது. அந்தத் திக்கலில் வாய் திறந்திருக்கிறது, தாடை இறுகியிருக்கிறது, சொல் வரவில்லை. தாளம் போய்க்கொண்டே இருக்கிறது. மெர்மன் தாளத்தில் சிக்கினார் என்றேன் அல்லவா, ஸ்டான்டன் தாளத்திலிருந்து கீழே விழுகிறார். இவருடைய ரோஸுக்கு உண்மை எப்போதும் பின்னாலேயே துரத்திக்கொண்டு வருகிறது, 'ரோஸஸ் டர்ன்' பாட்டில் பிடித்துவிடுகிறது. 2016இல் லண்டன் நாடகங்களுக்கான ஒலிவியே விருது கிடைத்தது.

ஆட்ரா மெக்டொனால்டைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. 2024 டிசம்பர் 19, மெஜஸ்டிக் தியேட்டர், ஜார்ஜ் சி. உல்ஃப் இயக்கம், 2025 ஆகஸ்ட் வரை நடந்தது. பிராட்வேயில் ரோஸ் வேடம் போட்ட முதல் கறுப்பினப் பெண். நடிப்புக்காக ஆறு டோனி வாங்கியவர் வேறு யாரும் இல்லை. ஆனால் அவர் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் படித்த சொப்ரானோ, அதாவது உச்ச ஸ்தாயிப் பாடகி. மெர்மனின் கனத்த நெஞ்சுக் குரலுக்கு எழுதிய சுரங்களை அவர் சில இடங்களில் மெல்லிய, உயர்ந்த தலைக் குரலுக்குக் கொண்டுபோகிறார். அதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் நிறைய. எனக்கும் 'சம் பீப்பிள்' பாட்டில் அந்த மாற்றம் ஒட்டவில்லை, ஒளிக்கவேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் மற்றதை எண்ணிப் பாருங்கள். 1920களின் அமெரிக்காவில் ஒரு கறுப்பினத் தாய் தன் மகளுக்குப் பொன்னிறச் செயற்கை முடி வைத்து மேடை ஏற்றுகிறாள். எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்று அவளுக்குக் கணக்குத் தெரியும். இதுவரை வெறி என்று பெயர் வாங்கிய அந்தப் பிடிவாதம் இங்கே கணக்காகிறது. மெக்டொனால்டின் ரோஸ் தெரியாமல் எதையும் செய்யவில்லை. உலகம் என்ன செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்து, அதற்கு முன்னால் தான் ஓடப் பார்த்தவள். அவளுக்குத் தெரியாமல் போனது ஒன்றே ஒன்று: அந்த ஓட்டத்தில் பிள்ளைகள் எங்கே விழுந்தார்கள் என்பது. 2025 டோனி விழாவில் அவர் பாடிய 'ரோஸஸ் டர்ன்' பதிவில், பாட்டின் நடுவில் அழுகை உண்மையாகவே தொண்டையை அடைக்கிறது. அந்தத் தலைக் குரல் அங்கே சரியான குரலாகிவிடுகிறது. ஓலம் வேறு எப்படி இருக்கும்?

சரி, யார் சிறந்தவர்? ஒருவரைத்தான் சொல்ல வேண்டும் என்றால் ஸ்டான்டன். முழு நாடகத்தையும் ஒரே மூச்சாக, ஒரே பயமாகச் சுமந்தவர் அவர். ரயில் நிலையத்துக்கு மட்டும் டேலி. ஹெர்பியோடு வரும் காட்சிகளுக்கு பீட்டர்ஸ். மெர்மனை இந்த வரிசையில் நான் வைப்பதில்லை. மற்ற எல்லாரும் நிற்கும் தரை அவர்.

நீங்கள் ஆல்பங்களை மறுபடி கேட்கப்போகிறீர்கள் என்றால், முழுதாகக் கேட்க வேண்டாம். 'ரோஸஸ் டர்ன்' பாட்டின் கடைசி அரை நிமிடத்தை மட்டும் எல்லாரிடமும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அதற்குச் சற்று முன்தான் லூயீஸிடம், இதையெல்லாம் எதற்காகச் செய்தேன் என்று ரோஸ் கேட்டிருப்பாள். எனக்காகச் செய்தாய் என்று நினைத்தேன், அம்மா என்று லூயீஸ் சொல்லியிருப்பாள். பாட்டின் முடிவில் ரோஸ் அந்த "எனக்காக" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள், இந்த முறை தனக்காக. மெர்மன் அதை வாங்கிய கடனைத் திருப்பிக் கேட்பவரைப் போலச் சொல்கிறார். டேலி கெஞ்சுகிறார். லுபோன் பிடுங்கிக்கொள்கிறார். பீட்டர்ஸ் ஒரு குழந்தை பொம்மை கேட்பதுபோலக் கேட்கிறார். ஸ்டான்டனிடம் கடைசி "எனக்காக" வருவதற்குள், அதைத் தருவதற்கு அங்கே யாருமே இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது.